திருப்பூர் நிட் ஃபேருக்கு முதல் தடவை போகிற சின்ன பிராண்டுக்காரருக்கு

ஃபேஷன் வீக் என்றதும் நீளமான மேடை, இரண்டு பக்கமும் நாற்காலி, கண் கூசும் விளக்கு என்றுதான் மனசில் வரும். திருப்பூரிலும் பருவத்துக்கு ஒரு தடவை அப்படி ஒரு திருவிழா வருகிறது, ஆனால் அங்கே மாடல் வேலை பார்ப்பது ஹேங்கர். பின்னலாடைக்கான வணிகச் சந்தை அது, பெயர் இந்தியா நிட் ஃபேர், ஊர்க்காரர்களுக்கு வெறும் நிட் ஃபேர். அவிநாசி ரோட்டில் திருமுருகன்பூண்டியில் இதற்கென்றே கட்டிய வளாகத்தில், கோடை உடைகளுக்கு ஒன்று, குளிர் உடைகளுக்கு ஒன்று என்று பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். தேதி ஒவ்வொரு வருடமும் மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இந்தக் குறிப்பு பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இல்லை. அவர்களுக்கு ஆள் இருக்கிறார்கள். சொந்தப் பெயரில் நூறு டி-ஷர்ட் போட்டு இன்ஸ்டாகிராமில் விற்றுப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர், சின்னதாக ஒரு குழந்தைகள் உடைக் கடை வைத்திருப்பவர், கல்லூரி முடித்த கையோடு பிராண்டுக்குப் பெயர் வைத்து லோகோவும் போட்டுவிட்டுத் துணி எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர், இவர்களுக்கு எழுதுகிறேன். நானும் அப்படிப் போனவன்தான். முதல் தடவை போனில் நாலு படத்தை வைத்துக்கொண்டு போய், மூன்று நாளும் சுற்றி, ஒரு பை நிறைய விசிட்டிங் கார்டோடு திரும்பி வந்தேன். ஒரு கார்டும் எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் யாரிடம் என்ன கேட்டேன் என்பது எனக்கே ஞாபகம் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் இதன் விளக்கம்தான். ஃபேரில் ஆர்டர் கொடுக்காதீர்கள். அங்கே விசாரியுங்கள், துணியைத் தொட்டுப் பாருங்கள், ஸ்வாட்ச் என்கிற மாதிரித் துண்டுத் துணியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டரை அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, துணியை வீட்டில் மூன்று தடவை துவைத்துப் பார்த்த பிறகு, தைக்கிற யூனிட்டுக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

இது யாருக்காக நடக்கும் சந்தை என்பதைப் புரிந்துகொண்டால் அங்கே கிடைக்கும் மரியாதைக் குறைவு மனசைச் சுடாது. திருப்பூர் பனியன் ஊராக இருந்த காலத்தில் பெரும்பாலும் வெள்ளை பனியன்தான், உள்நாட்டுக்குத்தான். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்துதான் ஊரின் ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்று சொல்வார்கள், 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனம் வந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-ல் உருவானது. வெளிநாட்டு பையரை, அதாவது மொத்தமாக வாங்குகிறவரை, இந்த ஊருக்கே வரவழைக்கத்தான் நிட் ஃபேர். அதனால் ஸ்டாலில் உட்கார்ந்திருப்பவர் முதலில் தேடுவது வெளிநாட்டு பையரை, அப்புறம் பையிங் ஏஜென்ட்டை, அப்புறம் பெரிய உள்நாட்டு பிராண்டுகளை. நாம் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்ட சமயத்தில், ஏற்றுமதியை மட்டும் நம்பியிருந்தவர்களிலும் சிலர் உள்நாட்டு ஆர்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் நின்று பதில் சொன்னார்கள். ஆனாலும் வரிசை வரிசைதான்.

போவதற்கு முன்னால்

உங்களுக்குப் பிடித்த, அளவு சரியாக உட்காரும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. அதை மேசையில் விரித்து டேப்பால் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மார்பு அகலம், தோளிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம், தோள் அகலம், கை நீளம், கழுத்து அகலம், கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டையான ரிப்பின் உயரம். இது எம் சைஸ் என்றால் எல்லுக்கு எவ்வளவு கூட்டுவது, எஸ்ஸுக்கு எவ்வளவு குறைப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். டெக் பேக் என்று பெரிய பெயரில் இதைத்தான் கேட்பார்கள். அழகான சாஃப்ட்வேரில் போட வேண்டும் என்று ஒன்றும் இல்லை, கையால் வரைந்து அளவு எழுதிய தாளே போதும், ஆனால் அந்தத் தாள் இல்லாமல் போகக் கூடாது. ஓவர்சைஸ் டி-ஷர்ட் என்று வாயால் சொன்னால் பத்து பேர் பத்து விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

அடுத்து ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது, திருப்பூரில் பேச்சு இதில்தான் ஆரம்பிக்கும். உங்கள் டி-ஷர்ட் எத்தனை ஜிஎஸ்எம் என்று கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. பழைய டி-ஷர்ட் ஒன்றிலிருந்து சரியாக பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் போடுங்கள். வருகிற கிராமை நூறால் பெருக்குங்கள். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். வெயில் ஊருக்கு 140, 150 லேசாக இருக்கும், 180 கொஞ்சம் கனமாக நின்று பேசும், 220-க்கு மேல் போனால் இப்போது ஓடுகிற ஓவர்சைஸ் ரகம். அங்கே நூலை முப்பதாம் நம்பர், இருபதாம் நம்பர் என்று சொல்வார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு, இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு போய் நான் அசடு வழிந்திருக்கிறேன். முப்பதாம் நம்பரில் பின்னிய ஒற்றை ஜெர்சி, அதாவது சாதா டி-ஷர்ட் துணி, ஏறக்குறைய 150 பக்கம் நிற்கும், 24-ல் போனால் 180 பக்கம், இருபதில் போனால் 200-ஐத் தாண்டும். கோம்புடு, கார்டடு என்று இரண்டு ரகம் வரும். கோம்புடு என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்றது, வழுவழுப்பு அதிகம், விலையும் அதிகம்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மேற்படி தாள் பத்து நகல், அந்த மாதிரி டி-ஷர்ட், அளவு டேப், சின்னத் தராசு, ஸ்டேப்ளர், ஒரு கெட்டி அட்டை நோட்டு. விசிட்டிங் கார்டு கட்டாயம். இது வணிகர்களுக்கான சந்தை என்பதால் வாசலில் பதிவு செய்யும்போதே தொழில் விவரம் கேட்பார்கள், வேடிக்கை பார்க்க வந்தேன் என்றால் எடுபடாது. ஜிஎஸ்டி எண் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எடுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஸ்டேப்ளர் எதற்கு என்றால், ஒவ்வொரு ஸ்டாலிலும் கிடைக்கிற ஸ்வாட்ச்சை அப்போதே நோட்டில் அடித்து, பக்கத்தில் கார்டையும் சேர்த்து அடித்து, சொன்ன விலை, ஜிஎஸ்எம், குறைந்தபட்ச அளவு மூன்றையும் அதே பக்கத்தில் எழுதுவதற்கு. என் இரண்டாவது ஃபேரைக் காப்பாற்றியது இந்த ஸ்டேப்ளர்தான்.

போகிற வழி

சென்னையிலிருந்து என்றால் இரவு சேரன், நீலகிரி ஏதாவது ஒன்றில் ஏறினால் விடிகிற நேரத்தில் திருப்பூர். விமானத்தில் வருகிறவர்களுக்குக் கோவைதான். ஃபேர் நடப்பது ஊருக்குள் இல்லை, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில், இரண்டு ஊருக்கும் ஓடுகிற பஸ் எல்லாம் அந்த வழிதான். ஃபேர் சமயத்தில் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்கள் முன்கூட்டியே நிறைந்துவிடும், அவிநாசியில் தங்கலாம், கோவையில் தங்கினாலும் பாதகமில்லை.

திருமுருகன்பூண்டி என்றதும் ஒரு கதை ஞாபகம் வரும். சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் வாங்கிக்கொண்டு வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்கள் வேடர் வேஷத்தில் வந்து வழிமறித்துப் பறித்துக்கொண்டது இங்கேதான். அவர் பதிகம் பாடி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார். நமக்குப் பதிகம் பாட வராது, ஆகவே அட்வான்ஸ் விஷயத்தில் கவனமாக இருப்போம்.

ஸ்டாலில் பேசுவது

முதல் நாள் காலையில் ஒன்றும் கேட்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். யார் குழந்தைகள் உடை, யார் டி-ஷர்ட், யார் இரவு உடை, யார் துணி மட்டும், யார் பட்டன், லேபிள், எலாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் தேடுவதோடு சம்பந்தப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஸ்டாலைக் குறித்துக்கொண்டு, வெளிநாட்டு பையர்கள் நடமாடும் நேரத்தை விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணி வாக்கில் போங்கள். அல்லது கடைசி நாள். கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் ஸ்டால்காரரும் களைத்து உட்கார்ந்திருப்பார், பேச ஆள் கிடைத்தால் சரி என்ற மனநிலைக்கு வந்திருப்பார்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊருங்க?"

"திருச்சிங்க. சொந்தமா டி-ஷர்ட் பிராண்ட் ஆரம்பிக்கறேன்."

"நல்லதுங்க. எத்தனை பீஸ் வேணும்?"

"முதல்ல நூறு பீஸ் போட்டுப் பார்க்கலாம்னு."

இந்த இடத்தில் ஒரு சின்ன மௌனம் விழும். பிறகு, "நூறுன்னா நம்மகிட்ட கஷ்டங்க தம்பி, கலருக்கு ஐந்நூறாவது வேணும்" என்று பதில் வரும். பெண்களாக இருந்தால் தம்பிக்குப் பதில் "அம்மணி", அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, "ரெடி ஸ்டாக் துணி ஏதாவது இருக்குங்களா?" இரண்டு, "எங்க அளவுக்குச் செஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட் யாராவது தெரியுங்களா?" இரண்டாவது கேள்விக்குத்தான் ஃபேருக்கு வந்த பலனே இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரருக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் பத்தாவது இருக்கும், அவற்றில் இரண்டுக்கு இந்த மாதம் வேலை குறைவாக இருக்கும், அவர் சொல்லி அனுப்பினார் என்று போனால் கதவு திறக்கும். எனக்கு இன்றுவரை தைத்துக் கொடுக்கும் அண்ணனின் நம்பர், என் ஆர்டரை வேண்டாம் என்று சொன்ன ஒருவரிடமிருந்துதான் கிடைத்தது.

விலை கேட்கும்போது எதற்கான விலை என்று பிரித்துக் கேளுங்கள். ஸ்டாலில் முதலில் வருவது பெரும்பாலும் பெரிய அளவுக்கான ஏற்றுமதி விலை. இருநூறு பீஸுக்கு அது பொருந்தாது. ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, பேக்கிங் கவர் யாருடையது, லேபிள் யாருடையது, லாரி வாடகை யாருடையது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், குறைவாகச் சொன்னவரை விட இருபது ரூபாய் அதிகம் சொன்னவர் மலிவு என்பது பில் வரும்போதுதான் தெரியும். 2025 செப்டம்பர் 22-லிருந்து 2,500 ரூபாய் வரைக்குமான உடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. டி-ஷர்ட்டுக்கு 5 என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நூறு பீஸுக்கு ஏன் முகம் சுளிக்கிறார்கள்

எம்ஓக்யூ, அதாவது குறைந்தபட்ச ஆர்டர் அளவு, என்று ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், திமிர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் நினைத்தேன், ஒரு நாள் நிட்டிங் யூனிட்டுக்குள் போய் நின்று பார்க்கும் வரை.

முப்பது இஞ்ச் விட்டமுள்ள வட்டப் பின்னல் மெஷினில் ஏறக்குறைய தொண்ணூறு ஃபீடர் இருக்கும். ஒவ்வொரு ஃபீடருக்கும் ஒரு கோன் நூல். ஒரு கோன் சுமார் இரண்டு கிலோ. அதாவது மெஷின் முதல் சுற்று சுற்றுவதற்கே தொண்ணூறு கோன் ஏறி நிற்க வேண்டும். உங்கள் நூறு டி-ஷர்ட்டுக்குத் தேவையான துணி எவ்வளவு? 180 ஜிஎஸ்எம்மில் ஆண்களுக்கான ஒரு டி-ஷர்ட்டுக்கு வெட்டுக் கழிவெல்லாம் சேர்த்து 220 கிராம் என்று வையுங்கள், நூறு பீஸுக்கு 22 கிலோ. அந்த மெஷினுக்கு அது காலை டீக்கு முன்னால் முடிகிற வேலை, ஆனால் கோன் ஏற்றுவதும் இறக்குவதும் செட்டிங் போடுவதும் அதே அளவு வேலைதான். கோனைச் சின்னதாகப் பிரித்துச் சுற்றலாம், அதற்குத் தனியாகக் காசு.

இத்தோடு முடியவில்லை. நாலு கலர் வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள். 22 கிலோவை நாலாகப் பிரித்தால் கலருக்கு ஐந்தரை கிலோ. சாயப்பட்டறையில் பெரிய மெஷின்கள் நூற்றுக்கணக்கான கிலோவை ஒரே தண்ணீரில் போடுபவை, சாம்பிளுக்கென்று வைத்திருக்கும் குட்டி மெஷினுக்கே ஐந்தரை கிலோ கொறிக்கிற தீனி. மேலும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குள் விடக் கூடாது என்ற நிபந்தனையில்தான் திறந்தன. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, உப்பைப் பிரித்து, திரும்பப் பயன்படுத்தும் செலவு ஒவ்வொரு கிலோவிலும் ஏறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்தரை கிலோ லாவெண்டர், ஐந்தரை கிலோ பிஸ்தா பச்சை என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

அதனால் சின்ன ஆர்டருக்கு வழி இதுதான். கலரைக் குறையுங்கள், துணி ரகத்தை ஒன்றாக வையுங்கள், டிசைனில் விளையாடுங்கள். ஒரே 180 ஜிஎஸ்எம் துணியில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, அதில் ஐந்து விதமான பிரிண்ட். கறுப்பும் வெள்ளையும் எப்போதும் யாராவது ஸ்டாக் வைத்திருப்பார்கள், பின்னவும் வேண்டாம், சாயம் போடவும் வேண்டாம், நேராக வெட்டுக்குப் போகலாம். ஸ்கிரீன் பிரிண்டில் டிசைனின் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் செலவு விழும் என்பதால் இருபது பீஸுக்கு அது கட்டாது, அந்த அளவுக்கு டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சடித்த டிசைனை, எடுத்துச் சூட்டில் அழுத்திக்கொள்ளலாம், நூறைத் தாண்டும்போது ஸ்கிரீனுக்குப் போகலாம். தொட்டுப் பார்க்க எனக்கு ஸ்கிரீன்தான் பிடிக்கும், டிடிஎஃப் வெயிலில் மார்பில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டர் மாதிரி இருக்கிறது, ஆனால் ஆரம்பத்தில் பிடித்தது பிடிக்காதது பார்த்தால் ஆகாது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கழுத்து ரிப். உடல் துணி ஒரு லாட்டிலும் ரிப் இன்னொரு லாட்டிலும் சாயம் போட்டிருந்தால், டியூப்லைட்டில் ஒரே கறுப்பாகத் தெரிவது வெயிலில் ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டாக் துணி எடுக்கும்போது ரிப்பும் அதே லாட்டா என்று கேட்டு, இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பாருங்கள். சங்கடப்படாதீர்கள், அங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஸ்வாட்ச்சை வீட்டில் என்ன செய்வது

ஃபேர் முடிந்து வந்தவுடன் தூங்கிவிட்டு, மறுநாள் நோட்டைத் திறங்கள். பிடித்த மூன்று நாலு ஸ்டாலுக்குப் போன் செய்து, கூரியர் செலவு என்னுடையது, ஒரு மீட்டர் துணி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். உள்ளங்கை அளவு ஸ்வாட்ச்சில் சோதனை செய்ய முடியாது.

வந்த துணியில் முதலில் பத்துக்குப் பத்து வெட்டி எடை போடுங்கள். 180 என்று சொன்னது 170 வந்தால் கேளுங்கள், 160 வந்தால் அவரை விட்டுவிடலாம். அப்புறம் 25 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டு அளந்து பாருங்கள். 24 வந்தால் 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். 5 சதவீதத்தைத் தாண்டினால் வாடிக்கையாளர் இரண்டாம் வாரமே போட்டோ எடுத்து அனுப்புவார். அந்தச் சதுரம் துவைத்த பிறகு சாய்சதுரமாகக் கோணிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், பக்கத்துத் தையல் வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும் டி-ஷர்ட் பார்த்திருப்பீர்களே, அதன் காரணம் இந்தக் கோணல்தான். ஒற்றை ஜெர்சியில் நூலின் முறுக்கால் கொஞ்சம் வரத்தான் செய்யும், கொஞ்சம் என்பது கொஞ்சமாக இருக்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிச் சாயத் துணியில் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள், கறுப்பும் கருஞ்சிவப்பும் கொஞ்சம் ஒட்டும், நிறைய ஒட்டினால் வேண்டாம். பயோ வாஷ் செய்தது என்றால் மேலே இருக்கும் பஞ்சு முளையை என்சைம் தின்றுவிட்டிருக்கும், துணி வழுக்கும், ஆனால் வழுக்குகிறதெல்லாம் பயோ வாஷ் இல்லை. வெறும் சாஃப்ட்னர் போட்டு வழுக்க வைத்திருந்தால் மூன்று துவைப்பில் முரட்டுத்தனம் தெரிந்துவிடும். மூன்று தடவை துவைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

யூனிட்டுக்குப் போகும்போது

சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமைதான் சம்பள நாள், முதலாளி கூலிக் கணக்கும் பணமுமாக இருப்பார், நீங்கள் போய் காலர் உயரம் பேசினால் காதில் விழாது. செவ்வாய், புதன் காலை பதினொரு மணி நல்ல நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால், தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் எல்லோரும் திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு விற்க வேண்டிய சரக்கைப் பொங்கல் கழித்து வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

உள்ளே போனதும் கட்டிங் மேசையையும் செக்கிங் மேசையையும் பாருங்கள், ஆபீஸ் ரூமின் சோபாவைப் பார்க்காதீர்கள். நூல் வெட்டாமல் தொங்குகிறதா, சரி செய்யக் கிடக்கும் பீஸ்கள் எவ்வளவு, ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின் இரண்டும் இருக்கிறதா, காஜா பட்டன் வெளியே போகிறதா. ஆள் எத்தனை ஷிஃப்ட் வேலை செய்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் அங்கே பன்னிரண்டு மணி நேர நாள். அவசர அவசரமாக உங்கள் ஆர்டரை முடிக்க யாரோ ஒருவர் ராத்திரி எட்டரை வரை உட்காருகிறார் என்பது தெரிந்தால், நாளைக்கே வேண்டும் என்று கேட்கும் பழக்கம் கொஞ்சம் குறையும்.

சாம்பிள் இல்லாமல் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் ஒரே ஒரு சைஸில் ஒரு பீஸ். அதைப் போட்டுப் பார்த்து, துவைத்து, திருத்தம் எழுதிக் கொடுத்து, இரண்டாவது சாம்பிள். சரி என்றால் எல்லா சைஸிலும் ஒவ்வொன்று, அதுதான் சைஸ் செட். அதையும் ஒப்புக்கொண்ட பிறகு கடைசியாகச் சரி சொன்ன பீஸ் இரண்டில் இருவரும் துணிப் பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். பிரிண்ட் இருந்தால் அதே துணியில் ஒரு மாதிரி அடித்துப் பார்க்க வேண்டும், அதை ஸ்ட்ரைக் ஆஃப் என்பார்கள். சாயம் போடுவதாக இருந்தால் லேப் டிப், ஒரே கலரில் மூன்று சாயல் அனுப்புவார்கள், பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள். போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கலருக்குச் சரி சொன்னால் அதன் பலனை நீங்கள்தான் உடுத்திக்கொள்ள வேண்டும்.

பணம். பாதி அட்வான்ஸ், மீதி சரக்கு கிளம்பும்போது என்பது சின்ன ஆர்டரில் வழக்கமாகக் கேட்கப்படுவது. துணிக்கு அவர் கையிலிருந்து காசு போட வேண்டியிருப்பதால் அட்வான்ஸ் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஃபேர் ஸ்டாலிலேயே, "இன்னைக்கு டோக்கன் போட்டா இந்த விலை" என்பதற்கு மடங்கிவிடாதீர்கள். நான் ஒரு தடவை அப்படிக் கொடுத்தேன், கொடுத்தது பதினைந்தாயிரம், வந்தது வேறு துணி, திரும்பக் கேட்டு நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. அட்வான்ஸ் சாம்பிளுக்குப் பிறகு, வங்கி வழியாக, ஒரு பக்கத் தாளில் ஜிஎஸ்எம், துணி ரகம், சைஸ் வாரியாக எண்ணிக்கை, விலை, தேதி, கூடக் குறைய எத்தனை சதவீதம் வரை ஏற்றுக்கொள்வீர்கள் எல்லாம் எழுதி இருவர் கையெழுத்தோடு. நூறு பீஸ் சொன்னால் 96-ம் வரலாம், 104-ம் வரலாம், வெட்டு கணக்கு அப்படித்தான் விழும், அதனால்தான் அதை முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

சான்றிதழ் பற்றிக் கொஞ்சம்

ஸ்டால் சுவரெல்லாம் ஆர்கானிக், கோட்ஸ், ஓகோ-டெக்ஸ் என்று போர்டு தொங்கும். கோட்ஸும் ஓகோ-டெக்ஸும் ஒன்றில்லை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் கேடான ரசாயனம் இல்லை என்று சோதித்தது, பஞ்சு ஆர்கானிக்கா என்று அது சொல்லாது. கோட்ஸ் என்பது பஞ்சிலிருந்து தையல் வரை ஒவ்வொரு படியும் சான்று பெற்றிருக்க வேண்டிய முறை, ஆர்கானிக் என்று லேபிள் போட 95 சதவீத இழையாவது ஆர்கானிக்காக இருக்க வேண்டும். கம்பெனியிடம் சான்றிதழ் இருப்பதும் உங்கள் சரக்கு அந்தச் சான்றுக்குள் வருவதும் வேறு வேறு. உங்கள் சரக்குக்கு டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட் தருவீர்களா என்று கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். சான்றிதழ் எண்ணை அந்த அமைப்புகளின் இணையதளத்திலேயே போட்டுச் சரிபார்க்கலாம். நூறு பீஸ் ஆர்டரில் இதெல்லாம் பெரும்பாலும் நடக்காது. நடக்கவில்லை என்றால் உங்கள் டி-ஷர்ட் டேகில் ஆர்கானிக் என்று போடாதீர்கள், காட்டன் என்று போடுங்கள், அதுவும் நல்ல வார்த்தைதான்.

ஃபேரில் ஒன்றுமே அமையவில்லை என்றால்

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் காதர்பேட்டையில் இறங்கிவிடுங்கள். ஏற்றுமதியில் மிஞ்சியது, கொஞ்சம் பழுது என்று கழிக்கப்பட்டது, உள்நாட்டுக்கென்றே தைத்தது எல்லாம் மூட்டை மூட்டையாக மொத்த விலைக்கு விற்கும் இடம். சொந்த அளவில் சொந்தத் துணியில் போடும் பிராண்டுக்கு இது பதில் ஆகாது. ஆனால் பிளெயின் டி-ஷர்ட் ஐம்பது எடுத்து, பிரிண்ட் போட்டு, விற்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. மூட்டையைப் பிரிக்காமல் வாங்காதீர்கள், மேலே இருக்கும் ஐந்து பீஸ் எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும், நடுவிலிருந்து உருவிப் பாருங்கள், அக்குளையும் கழுத்தையும் விரலால் இழுத்துப் பாருங்கள், பழுதான சரக்கில் ஓட்டை அந்த இரண்டு இடத்தில்தான் ஒளிந்துகொள்ளும்.

சரக்கு வீட்டுக்கு வந்த அன்று அட்டைப்பெட்டியைப் பிரித்து எண்ணுங்கள். ஒவ்வொரு சைஸிலும் அங்கொன்று இங்கொன்றாக ஐந்தாறு உருவி, கையெழுத்துப் போட்ட சாம்பிளோடு வைத்து அளந்து பாருங்கள், ஒன்றைத் துவைத்துப் போடுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே போட்டோவோடு சொன்னால் மாற்றித் தருவார்கள், மூன்று வாரம் கழித்து விற்காத சரக்கோடு போய் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால் தைத்துக் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். குறை சொல்ல மட்டுமே போன் வந்து பழகியவர்கள் அவர்கள். எனக்குத் தைத்துக் கொடுக்கும் அண்ணனிடம் நான் அப்படிச் சொன்ன அன்று, அவர் வேறொன்றும் பேசாமல், "சரிங்க தம்பி, அடுத்த கட்டிங் எப்போன்னு சொல்லுங்க, துணி எடுத்து வெக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.